சத்தம் மட்டும் வந்த கல்யாணம்

கள்ளக்குறிச்சியில் கல்யாண வீடியோ எடிட் பண்ணிப் பிழைக்கிறவளுக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எனக்கு நன்றாகவே வரும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் எங்கள் ஸ்டுடியோ. படிக்கட்டு தொடங்கும் இடத்தில் முதலாளி ஒரு பேனர் கட்டியிருந்தார். மேலே கூலிங் கிளாஸ் போட்ட அவர் படம். கீழே மஞ்சள் எழுத்தில் ‘4K, 265, டிரோன்’. இந்த மூன்றில் டிரோன் என்றால் என்ன என்று மட்டும் அவருக்குத் தெரியும். அதுவும், அது உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு புளியமரத்தில் போய் மாட்டிக்கொண்டு நாள் பூராவும் தேட விட்டதால் தெரிந்தது.

265 என்பது ஒரு கோடெக். கேமராவில் எடுத்ததை எடுத்தபடியே வைத்தால் ஒரு கல்யாணத்துக்கே ஹார்டு டிஸ்க் நிரம்பிவிடும். அதனால் சுருக்கிக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டுகிற முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். மூட்டையை எந்த முடிச்சுப் போட்டுக் கட்டினோமோ அந்த முடிச்சு தெரிந்தவன்தான் அவிழ்க்க முடியும். வீடியோ மூட்டையை அவிழ்க்கிற வேலை டிவிக்குள் இருக்கிற சில்லுக்கு. 264 பழைய முடிச்சு, ஏறக்குறைய எல்லா டிவியும் அவிழ்க்கும். 265 அதற்கு அப்புறம் வந்தது. இன்னும் சின்னதாகக் கட்டும். ஆனால் விலை குறைந்த டிவிகள் பலவற்றுக்கு அதை அவிழ்க்கத் தெரியாது. தெரியாத டிவியில் செருகினால் சத்தம் மட்டும் வரும், படம் வராது. சத்தத்தைத் தனி முடிச்சாகக் கட்டுகிறோம், அது எல்லா டிவிக்கும் தெரிந்த முடிச்சு. அவ்வளவுதான் விஷயம். இதை என் முதலாளிக்கு நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

“265 பெருசா 264 பெருசா?” என்று கேட்டார்.

“அது அப்டி இல்லீங்க. பாக்கறவங்க வூட்ல இன்னா டிவி இருக்குதுன்னு பாத்துத்தான்…”

“265 ஒண்ணு ஜாஸ்தி. ஜாஸ்தியானதப் போடு.”

இந்தக் கணக்கோடு ஒரு மனிதர் கடை நடத்துகிறார், அவருக்குக் கீழே நான் வேலை பார்க்கிறேன். என் தலையெழுத்து. நாளைக்கு யாராவது வந்து 300 என்று ஒன்று இருக்கிறது என்றால் பேனரை மாற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

போன வைகாசியில் ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. பெண் கல்வராயன்மலை, வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். மாப்பிள்ளை தியாகதுருகம். இரண்டு வீடும் ஒரே சாதி, ஒரே மலை. மாப்பிள்ளை வீட்டார் தாத்தா காலத்தில் கீழே இறங்கியவர்கள். வீடியோவுக்குப் பேச வந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. தியாகதுருகத்தில் சிமென்ட் கடை வைத்திருக்கிறார். வெள்ளை வேட்டி, இரண்டு போன், நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் அதைக் கைக்குட்டையால் துடைக்கிற பவிசு. கல்யாணத்துக்குச் செலவு அவருடையது, அதனால் கல்யாணமே அவருடையது.

முதலாளி இரண்டு கோடெக்கின் பெயரையும் பைக் ஷோரூம்காரர் மாதிரி எடுத்துவிட்டார். பெரியப்பா யோசிக்கவே இல்லை. “264 பழைய மாடலா? நமக்கு இன்னாத்துக்குப் பழைய மாடல்? புதுசு போடுப்பா.”

நான் மூலையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. “பொண்ணு வூடு மலைதானுங்களே? அங்க இன்னா டிவி வச்சிருக்காங்கன்னு கேட்டுக்கினீங்கன்னா நல்லது. சில டிவியில 265 ஓடாதுங்க.”

அவர் என்னைப் பார்க்காமல் முதலாளியைப் பார்த்துச் சொன்னார். “அவங்க டிவிக்குத் தகுந்த மாதிரியா நான் கல்யாணம் பண்றேன்?”

முதலாளி ஏதோ பெரிய நகைச்சுவை கேட்டவர் போலச் சிரித்தார். பெரியப்பா போன பிறகு என் பக்கம் திரும்பினார். “கஸ்டமர் கேக்கறதக் குடு. அதிகப்பிரசங்கித்தனம் வேணாம்.” எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

கல்யாணம் கள்ளக்குறிச்சியிலேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. நான் போகவில்லை, எனக்குக் கேமராவின் மெமரி கார்டுதான் வந்தது. மண்டபத்தில் நடப்பது எடிட்டருக்குத் தெரிகிற அளவுக்கு மாப்பிள்ளைக்கே தெரியாது. கேமராவில் மைக் இருக்கிறது என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். யார் சோற்றைக் குறை சொன்னார்கள், யார் யாரை முறைத்தார்கள், எல்லாம் ஹெட்போனில் வந்து விழும். அப்படித்தான் அதுவும் விழுந்தது.

மேடைக்குக் கீழே பெண்ணின் அம்மா நின்றிருந்தார். ஒல்லியான உருவம், புதுப் புடவை, கஞ்சி மொடமொடப்பு போகாமல் உடம்பில் ஒட்டாமல் நின்றது. புருஷன் செத்து வருஷங்கள் ஆகியிருந்தன. மரவள்ளி நட்டு, சாமை விதைத்து, ஒற்றை ஆளாக அந்தப் பெண்ணை வளர்த்தவர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பெரியப்பா மேடையிலிருந்து இறங்கி அவரிடம் வந்தார்.

“நீ இங்க நிக்காதம்மா. தாலி ஏறுற நேரம். சமையல்கட்டுப் பக்கமாப் போய் நில்லு.”

“எங்க ஊர்ல இதெல்லாம் யாரும் பாக்கறதில்லீங்களே.”

“மலையில நீங்க எப்டி வேணா இருந்துக்கோங்க. இங்க நாலு பேரு பாப்பாங்க.”

அந்த அம்மா போய்விட்டார். அந்த ஆளின் அப்பா கோவணம் கட்டிக்கொண்டு இறங்கி வந்த அதே மலை! கீழே வந்து சிமென்ட் மூட்டை விற்கக் கற்றுக்கொண்டார்கள் சரி, இந்தக் கேவலத்தையுமா சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்? பெற்றவளைவிட வேறு யாருக்கு அந்த இடத்தில் நிற்க உரிமை இருக்கிறது? மேடை முழுக்க நின்றவர்களில் பாதிப் பேருக்கு மணப்பெண் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

கொஞ்ச நேரம் கழித்து மண்டபம் முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு ஷாட். கெட்டிமேளம் முழங்குகிறது. எல்லாரும் எழுந்து நின்று அரிசி போடுகிறார்கள், பாதிப் பேர் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள். ஓரத்தில் சமையல்கட்டுக்குப் போகிற கதவு இருட்டாக இருக்கிறது. அதில் அந்த அம்மா கால் விரலில் எம்பி எம்பிப் பார்க்கிறார். முன்னால் இருக்கிற முதுகுகளுக்கு நடுவில் ஒன்றும் தெரிந்திருக்க வழியில்லை. அப்புறம் எம்புவதை நிறுத்திவிட்டுக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். மேளம் அடங்கியதும் உள்ளே போய்விட்டார்.

எடிட் முடிந்தது. முதலாளி 265-ல் கட்டச் சொன்னார், கட்டினேன். பென் டிரைவை வைக்க ஒரு வெல்வெட் பெட்டி, அதில் தங்க எழுத்து. முதலாளிக்கு வீடியோவைவிடப் பெட்டியில்தான் அக்கறை. கார்டுகளை அன்றைக்கே அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டார். இந்த ஊர் ஸ்டுடியோக்காரர்களின் பழக்கம் இது. மூலப் படத்தை வைத்துக்கொள்ள ஒரு டிஸ்க் வாங்க மனசு வராது, டிரோனுக்கு இன்னொரு இறக்கை வாங்குவார்கள்.

ஆடி பிறந்தது. புதுப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அவள் வெல்வெட் பெட்டியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு மலை ஏறியிருக்கிறாள். தியாகதுருகத்தில் பெரியப்பா வீட்டுச் சுவர் அளவு டிவியில் அவள் ஏற்கனவே பார்த்துவிட்டாள். இப்போது அம்மாவுக்குக் காட்ட வேண்டும். அந்த அம்மாவுக்குக் கல்யாணத்தில் பாக்கி இருந்தது அது ஒன்றுதான். பெற்ற பெண்ணின் கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்ணால் பார்க்கவில்லை.

அவள் கடைக்குப் போன் பண்ணினாள். மலையில் சிக்னலுக்காக எங்கேயோ மேட்டில் ஏறி நின்றிருந்தாள் போல, காற்றுச் சத்தம் வந்தது.

“அக்கா, பென் டிரைவு போட்டோம். சத்தம் வருதுக்கா, படம் வரல. டிவி கறுப்பா கீது.”

“எல்லாச் சத்தமும் வருதா?”

“எல்லாம் வருது. மோளம், கெட்டிமேளம் கெட்டிமேளம்னு கத்தறது எல்லாம். அக்கம்பக்கத்துல எல்லாரையும் கூப்டு உக்கார வச்சிருந்தோம். அம்மா முன்னாலயே உக்காந்துக்கினு இருந்துச்சு. கொஞ்ச நேரம் கேட்டுட்டு, ‘அன்னிக்கும் எனக்கு இதான் கேட்டுது’ன்னு சொல்லிட்டு எழுந்து போய் அடுப்பப் பத்த வச்சிடுச்சுக்கா.”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முதலாளி போனைப் பிடுங்கிக்கொண்டார். “தோ பாரும்மா, வீடியோ சரியாத்தான் இருக்குது. உங்க டிவிதான் டுபாக்கூரு. நல்ல டிவியா ஒண்ணு வாங்குங்க.” போனை வைத்துவிட்டு என்னிடம் வேறு சிரித்தார். “மலைக்காரங்க. டிவி கூட வாங்கத் தெரியல.”

டிவி வாங்கத் தெரியாதவர்கள் அவர்களாம்! வீடியோ கடை வைத்துக்கொண்டு வீடியோ என்றால் என்னவென்று தெரியாத ஜென்மம் சொல்கிறது. வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தேன். அவள் போனில் அவ்வளவு பெரிய பைலுக்கு இடமில்லை. வாட்ஸ்அப்புக்கு என்று முதலாளி தானே ஒரு குட்டி வீடியோ செய்து அனுப்பியிருந்தார். அதில் மண்டபத்தின் மொட்டை மாடி டிரோனில் வரும், பெரியப்பா நாலு தடவை கும்பிட்டபடி நடந்து வருவார், தாலி கட்டுகிற நொடியில் திரை முழுக்க ரோஜா இதழ் கிராபிக்ஸ் கொட்டும். தாலி தவிர எல்லாம் தெரியும்.

“264-ல மாத்திக் குடுத்துடலாங்க,” என்றேன்.

“265-ன்னு சொல்லி வாங்கினாங்க. 264 குடுத்தா அந்தாளு வந்து, ஏமாத்திட்டியான்னு என் சட்டையப் புடிப்பான். சும்மா கெட.”

சும்மா கிடக்க நான் என்ன அவருடைய பேனரா? அவர் திருக்கோவிலூருக்கு ஒரு ஷூட்டிங் போன நாளில் உட்கார்ந்தேன். மூலக் கார்டுகள் இல்லை, 265-ல் கட்டிய அந்த ஒரே பைல்தான் இருந்தது. அதை அவிழ்த்து 264-ஆக மறுபடி கட்ட வேண்டும். கடையில் இருக்கிற கம்ப்யூட்டர் இந்த வேலையைக் கொடுத்தால் முனகும். ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நான் வியர்வையில் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் சின்ன பைலாக வரட்டும் என்று ரொம்ப இறுக்கிக் கட்டினேன். ஓட்டிப் பார்த்தால் மேடை பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் அந்த இருட்டுக் கதவு மட்டும் கட்டம் கட்டமாகச் சிதறிப் போயிருந்தது. அம்மாவின் முகம் இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கறை. கோடெக்கின் குணம் அது. இறுக்கினால், வெளிச்சமாக இருக்கிற இடத்தைக் காப்பாற்றிவிட்டு, இருட்டில் இருக்கிறதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று தூக்கி எறிந்துவிடும். இதற்குக்கூடப் பெரியப்பா புத்தியா என்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அழித்துவிட்டுத் தளர்த்தி மறுபடி கட்டினேன்.

தளர்த்தினால் பைல் பெருத்துவிட்டது. அவ்வளவு பெரிய ஒற்றைப் பைலை அந்த மாதிரி டிவியில் ஓடும் பென் டிரைவ் ஏற்றுக்கொள்ளாது, இரண்டாக வெட்ட வேண்டும். முதலாளி முன்பு இப்படித்தான் வேறொரு கல்யாணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார். முதல் பாகத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார், இரண்டாம் பாகத்தில் கட்டி முடித்துப் பாலும் பழமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டுப் பந்தியில் வெட்டினேன். இலைக்கு நடுவில் வெட்டினால் யாரும் அழமாட்டார்கள்.

கடைசியாக ஒரு சோதனை. எங்கள் கடைக்குக் கீழே டீக்கடை. அங்கே சுவரில் மாட்டியிருக்கிற டிவிக்கு அப்பன் ஆத்தாள் யாரென்று தெரியாது, கம்பெனிப் பெயரே இல்லை. அதில் ஓடினால் எதிலும் ஓடும். பென் டிரைவைச் செருகப் போனேன்.

“இன்னாம்மா, நியூஸ் ஓடிக்கினு இருக்குது,” என்றார் டீ மாஸ்டர்.

“ஒரு நிமிஷம் அண்ணே. நாடு எங்கயும் ஓடிப் போயிடாது.”

படம் வந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் யாரோ ஒருவருடைய கல்யாணத்தை வாய் பிளந்து பார்த்தார்கள்.

ஆவணி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை பஸ் ஏறினேன். பெண்ணைத் திரும்ப அழைத்துப் போக அன்றைக்குத்தான் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று அவள் போனில் சொல்லியிருந்தாள். அதற்குள் அம்மாவோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. நான் போவதற்குள் வந்துவிட்டார்கள். வாசலில் வேன் நின்றது. பெரியப்பா உள்ளே இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார். மாப்பிள்ளை பாயில் இருந்தான். நல்ல பையன், ஆனால் பெரியப்பா இருக்கிற இடத்தில் வாய் திறக்கப் பழகாதவன்.

நான் பென் டிரைவைச் செருகுவதைப் பார்த்துப் பெரியப்பா கேட்டார். “இது 265 தானா?”

“இது படம் வர்றதுங்க,” என்றேன்.

பெண் போய் அம்மாவை அடுப்படியிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு டிவிக்கு நேர் முன்னால் உட்கார்ந்தார். இந்தத் தடவையும் நம்பிக்கை இல்லாத முகம். படம் வந்ததும், “ஐய, வருது பாரு!” என்று பெண்ணின் தொடையில் அடித்தார். நலங்கு வந்தது, மாலை மாற்றினார்கள். மண்டபம் முழுக்கத் தெரிகிற அந்த ஷாட்டில் ஒரு துண்டை எடிட்டில் நான் முன்னாலேயே ஒரு தரம் சேர்த்திருந்தேன், அது வந்தது. கதவோரத்தில் அவர் முகம் தெளிவாக இருந்தது. நான் பெருமையாக ரிமோட்டில் நிறுத்திக் காட்டினேன்.

“அது யாரு, நானா?” என்றார். “என்னய இன்னாத்துக்குக் காட்டற? பொண்ணக் காட்டு கண்ணு.”

வெந்து நொந்து நான் காப்பாற்றிய முகத்துக்கு அவ்வளவுதான் மரியாதை. சரி என்று ஓட்டினேன். தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தது. எல்லாரும் தொட்டுக் கும்பிட்டார்கள். மேளக்காரர் பெரியப்பாவின் கையசைவுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்காலியிலிருந்து ஒரு செருமல். “அம்மா, நீ கொஞ்சம் எழுந்து அந்தாண்டப் போய்க்கோ. தாலி ஏறப் போவுது.”

எனக்கு முதலில் புரியவே இல்லை. யாரைச் சொல்கிறார்? எங்கே ஏறப் போகிறது?

“டிவியிலதானுங்களே,” என்றாள் பெண், குரல் எழும்பாமல்.

“டிவின்னா இன்னா? சாங்கியம் சாங்கியம்தான். புதுசா வாழப்போற புள்ளைங்க பக்கத்துல உக்காந்துக்கினு இருக்குது. முடிஞ்சதும் வந்து உக்காந்துக்கட்டும்.”

நான் ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்தினேன். சீ, இது ஒரு மனுஷ ஜென்மமா என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து அமுக்கினார். நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை, டிவியில் நின்றுபோன படத்தைப் பார்த்தபடியே பேசினார். குரலில் சூடுகூட இல்லை.

“சம்மந்தி, மண்டபம் உங்க எடம். போன்னீங்க, போனேன். இது என் வூடு. இந்த டிவிய நான்தான் கீழ இருந்து பஸ்ல மடியில வச்சுக்கினு வந்தேன். உங்களுக்குப் பாக்க ஒப்பலன்னா நீங்க கொஞ்சம் அந்தாண்டப் போய் நில்லுங்க.”

பெரியப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். அவன் டிவியைப் பார்த்துக்கொண்டு, அசையாமல், “போடுங்கக்கா,” என்றான். அவன் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பெரியப்பா எழுந்தார். வேட்டியை உதறினார். வாசலுக்குப் போய் வேன் பக்கத்தில் நின்றுகொண்டார்.

நான் ஓட்டப் போனேன். அந்த அம்மா மறுபடி என் கையைத் தொட்டார்.

“சத்தம் வேணாம் பாப்பா. சத்தந்தான் ரெண்டு தபா கேட்டுட்டேனே. படம் மட்டும் போடு.”

சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் படத்தை ஓடவிட்டேன்.